மாசிப் பனியும் மலைப் பனியும்

'தைப் பனி தரையைத் துளைக்கும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் எல்லோருமே கேட்டிருப்போம். எங்கள் குன்னத்தூர்ப் பக்கம் மாசிப் பனி என்றால் என்ன? விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போகும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வோம். கொடியில் மறந்துபோய் விட்ட துணி கொஞ்சம் ஈரித்திருக்கும். சின்னக் குழந்தைக்கு மூக்கு ஒழுகும். எட்டு மணிக்கு வெயில் ஏறினால் பனியாவது ஒன்றாவது! பங்குனி பிறந்தால் மோர்ப்பானையைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

அதே மாசி, பங்குனியில் வடக்கே மலைகளில் வேறு கதை நடக்கிறது. 'காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தரகண்ட் மலைப் பகுதிகளில் பனிப்பொழிவு எச்சரிக்கை' என்று டி.வி. செய்தியில் வாசிப்பார்கள். நமக்கென்ன என்று சேனலை மாற்றிவிடுகிறோம்.

நமக்கு ஒன்றும் இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் கம்பளி நூல், ஃப்ளீஸ் துணி விஷயமாக லூதியானாவுக்குப் போகிறார்கள். பனியனுக்குத் திருப்பூர் எப்படியோ, ஸ்வெட்டருக்கு லூதியானா அப்படி. சேலம், நாமக்கல், கரூர் வழியாகப் போகிறதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அது ஸ்ரீநகரிலிருந்துதான் கன்னியாகுமரிக்கு வருகிறது. அந்த ரோட்டில் லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர்கள் நம் வீட்டு ஆண்கள். ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இப்போதோ விமானத்தில் ஏறி, கைக்குழந்தையோடு, 'பனி பார்க்க' மணாலிக்கும் குல்மார்க்குக்கும் போகிற இளம் தம்பதிகளுக்குக் கணக்கே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசு உத்தியோகம். நான்கு வருஷம் சிம்லாவில் குடியிருந்தோம். அங்கே போனபோது என் மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயசு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பனியிலே எத்தனை பனி!

தமிழில் நமக்கு எல்லாமே பனிதான். புல்லின் நுனியில் முத்து முத்தாக நிற்பதும் பனி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி மேல் உப்புத் தூவியது போல் வெளுத்துக் கிடப்பதும் பனி. ஊட்டியில் இருப்பது உறைபனி. இரவில் தரை சில்லிட்டுப் போய், காற்றிலிருக்கும் ஈரம் புல்லின் மேலேயே உறைந்துபோவது அது. வானத்திலிருந்து விழுவதில்லை. வெயில் பட்டதும் போய்விடும்.

இமயமலையில் விழுவது வேறு. மேகத்திலேயே உறைந்து, பஞ்சு பஞ்சாக இறங்கி, முழங்கால் அளவு, இடுப்பளவு என்று குவிந்துவிடும். 'ஊட்டிக் குளிரையே பார்த்தாச்சு, இதென்ன!' என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அங்கே முதல் நாளே திண்டாடிப் போகிறார்கள்.

இந்தப் பனியைக் கொண்டுவருவது நம் வங்கக்கடல் புயல் இல்லை. ரொம்பத் தொலைவில், மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாம் தாண்டி, மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து வருகிற காற்றுச் சுழற்சி அது. வானிலைக்காரர்கள் 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். பேர்தான் இடையூறு. வடக்கே விவசாயிகள் அதற்காகக் காத்துக் கிடப்பார்கள்! சமவெளியில் கோதுமைக்கு அதுதான் மழை. மலையில் ஆப்பிள் மரத்துக்கு அந்தக் குளிர் வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த பனிதான் வெயில் காலத்தில் உருகி ஆறுகளில் தண்ணீராக வரும்.

நம் பருவமழையையும் அந்தப் பனியோடு சேர்த்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த பிளான்ஃபோர்ட். இமயமலையில் பனி அதிகம் விழுந்த வருஷத்தில் பருவமழை குறையக்கூடும் என்று 1884-ல் எழுதினார். அந்தக் கணக்கை வைத்துத்தான் 1886-ல் நாட்டின் முதல் பருவமழை முன்னறிவிப்பே வெளியானது. இன்றைக்கு விஞ்ஞானிகள் வேறு பல விஷயங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனாலும் அந்தப் பனிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, பாருங்கள்.

"மார்ச் மாசம்தானுங்களே?"

போன வருஷம் என் அண்ணன் மகள் போன் செய்தாள்.

"அத்தை, இவருக்கு லூதியானாவிலே நாலு நாள் வேலை இருக்குதுங்க. அப்படியே மணாலிக்குப் போய்ப் பனி பார்த்துட்டு வந்துரலாம்னு சொல்றாரு. பாப்பாவையும் கூட்டிட்டுப் போறமுங்க. மார்ச் மாசம்தானுங்களே, குளிரெல்லாம் முடிஞ்சிருக்குமில்லீங்க?"

"பாப்பாவுக்கு எத்தனை மாசம் கண்ணு?"

"பதினாலுங்க."

நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். நமக்கு மார்ச் என்றால் வெயில். டெல்லியிலும் சண்டிகரிலும்கூட அப்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். கீழே இளவெயிலில் கிளம்பி, ஒரே நாளில் மேலே போனால் வேறு காலத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

வசந்தத் தொடக்கத்தில் விழும் பனிக்கு ஒரு குணம் உண்டு. நடுக் குளிர்காலப் பனி மாவு மாதிரி உலர்ந்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். மார்ச் பனி ஈரப்பனி. உடுப்பில் ஒட்டி உடனே உருகி உள்ளே இறங்கும். பாரம் அதிகம் என்பதால் மரக்கிளை முறியும், மின்கம்பி அறும், கரண்ட் போகும். பகலில் உருகிய தண்ணீர் இரவில் ரோட்டிலேயே உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கார் சக்கரம் அதில் நிற்காது. எல்லாவற்றையும்விட, பழைய பனியின் மேல் புதுப் பனி பாரமாக விழுந்து, அதன்மேல் வெயிலும் அடித்தால் மலைச்சரிவிலிருந்து மொத்தமாகச் சரிந்து வரும். அதுதான் பனிச்சரிவு.

சிம்லாவில் எங்கள் வீட்டுக்கார அம்மாள் அடிக்கடி சொல்வார்: "ஜனவரிப் பனி சொல்லிவிட்டு வரும், பெஹன்ஜி. மார்ச் பனி திருடன் மாதிரி வரும்." அதனால் ஹோலிப் பண்டிகை முடிகிறவரை அவர் கம்பளியைப் பெட்டிக்குள் வைக்கவே மாட்டார்.

நிறத்தைப் பாருங்கள்

நல்ல வேளையாக, இந்தத் திருடன் கிளம்பும்போதே தகவல் வந்துவிடுகிறது. மேற்கத்திய இடையூறு ஆயிரக்கணக்கான மைல் கடந்து வர வேண்டியிருப்பதால், செயற்கைக்கோள் படங்களை வைத்து நாலைந்து நாள் முன்பே வானிலைத் துறை சொல்லிவிடுகிறது. சிம்லா, ஸ்ரீநகர், டேராடூன் மூன்று இடங்களிலும் வானிலை மையங்கள் இருக்கின்றன. மாவட்டம் மாவட்டமாக எச்சரிக்கை தருகிறார்கள்.

நம் ஊர் மழைக்குச் சொல்லும் அதே நிறங்கள்தான். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். குழந்தையோடு போகிறவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. சிவப்பு என்றால் இருக்கும் இடத்தைவிட்டு நகராதீர்கள்.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். மலைப் பகுதிக்கு 'மழை அல்லது பனி 2 செ.மீ.' என்று போட்டிருந்தால், இவ்வளவுதானா என்று நினைக்கக் கூடாது. அது தண்ணீர்க் கணக்கு. 1 செ.மீ. தண்ணீர் பனியாக விழுந்தால் சுமார் 10 செ.மீ. உயரம் குவியும். ஈரப்பனி என்றால் கொஞ்சம் குறையும். அப்படியானால் 2 செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம்!

பனிச்சரிவுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. சண்டிகரில் ராணுவ ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த நிலையம் ஒன்று அதைத் தருகிறது. 2025 பிப்ரவரி 27-ஆம் தேதி சாயங்காலம், உத்தரகண்டில் சமோலி முதலான மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கு 24 மணி நேர எச்சரிக்கை கொடுத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் பத்ரிநாத் பக்கத்தில் மாணா கிராமத்தருகே பனிச்சரிவு வந்தது. ரோட்டு வேலைக்கு வந்து அங்கே தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். ராணுவமும் மீட்புப் படையும் 46 பேரை உயிரோடு மீட்டார்கள். 8 பேர் போய்விட்டார்கள். நம் கணக்குக்கு அது மாசி மாதத்தின் நடுப்பகுதி!

பிழைப்புக்காக அங்கே இருந்தவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. வேடிக்கை பார்க்கப் போகிற நமக்கு வழி இருக்கிறது. இரண்டு நாள் பொறுப்பதுதான் அது.

என் அண்ணன் மகளும் அதைத்தான் செய்தாள். அவர்கள் லூதியானாவில் இருந்தபோதே குலு மாவட்டத்துக்கு ஆரஞ்சு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மனசே இல்லை. "ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சுங்க அத்தை, திருப்பித் தரமாட்டாங்களாம்" என்றார். பன்னிரண்டாயிரம் ரூபாய் சும்மாவா? சம்பாதிக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "பணம் போனா அடுத்த ஆர்டர்லே வந்துரும் மாப்பிள்ளை. மலை ரோட்டிலே ராத்திரி பூரா கார்லே உக்கார வேண்டி வந்தா, பாப்பாவுக்குப் பாலை எதிலேங்க காய்ச்சுவீங்க?"

கீழே மண்டி ஊரில் இரண்டு இரவு தங்கினார்கள். அங்கே வெறும் மழைதான். மூன்றாம் நாள் எச்சரிக்கை மஞ்சளாகி, அப்புறம் பச்சையாகி, ரோட்டைச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு மேலே போனார்கள். அட்வான்ஸ் போனது போனதுதான். மாப்பிள்ளைக்கு வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்! எச்சரிக்கையைக் கேட்டு நடந்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்காது. பெட்டியோடு போன குழந்தை பத்திரமாகத் திரும்பி வரும், அவ்வளவுதான்.

நம் ஊர்த் துணி அங்கே உதவாது!

இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொள்வார்கள். பனியனிலேயே பிறந்து பனியனிலேயே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பனியில் பருத்தி ஆகாது. நம் வெயிலுக்கு அது வரம், வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குணமே பனியில் எதிரியாகிவிடும். உறிஞ்சிய ஈரத்தைப் பருத்தி லேசில் விடாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஈரமான பருத்திப் பனியனோடு நிற்பது, குளிர்ந்த தண்ணீர்ப் பட்டியைச் சுற்றிக்கொண்டு நிற்பது மாதிரிதான்.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ஒரு பருத்திப் பனியன், ஒரு ஃப்ளீஸ் துணி. இரண்டையும் நனைத்துப் பிழிந்து நிழலில் காயப்போடுங்கள். எது முதலில் காய்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்தால் போதும்.

மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். உடம்பை ஒட்டி, கம்பளியோ பாலியஸ்டரோ கலந்த தெர்மல். அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீரும் காற்றும் புகாத கோட். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் தெர்மலும் ஃப்ளீஸும் மலிவாகவே கிடைக்கும். தடிமனாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். '100 சதவீதம் காட்டன்' என்றிருந்தால் அது நம் ஊர் மார்கழிக்குத்தான்.

தாய்மார்கள் கவனத்துக்கு

கைக்குழந்தையின் உடம்பு எடைக்குத் தோல்பரப்பு அதிகம். அதனால் நம்மைவிடச் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். நாம் நடந்து சூடேற்றிக்கொள்கிறோம். இடுப்பில் இருக்கும் குழந்தை அசையாமல் இருக்கிறது. ஆகவே:

* பெரியவர்கள் போடுவதைவிட ஓர் அடுக்கு கூடப் போடுங்கள். ஆனால் வியர்க்கும் அளவுக்குத் திணிக்காதீர்கள். வியர்வையும் ஈரம்தான்.

* தலை, காது, கை, கால் மூடியிருக்க வேண்டும். கால்உறையும் கையுறையும் இரண்டு ஜோடி கூடுதலாகக் கைப்பையிலேயே இருக்கட்டும். நனைந்த உடனே மாற்றுங்கள்.

* பனியில் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். உள்ளே வந்து சூடு ஏற்றிக்கொண்டு மறுபடி போகலாம்.

* குழந்தை அடங்கிப்போய்த் தூங்கி வழிந்தால், பால் குடிக்க மறுத்தால், வயிறும் மார்பும் தொட்டால் சில்லென்றிருந்தால் உடனே கவனியுங்கள். பெரியவர்களுக்கு நடுக்கம் நின்றுபோவதும் நல்ல அறிகுறி இல்லை. உடம்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈர உடுப்பைக் களைந்து, உலர்ந்த கம்பளிக்குள் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைத்து, டாக்டரிடம் ஓடுங்கள். எந்த மாநிலத்திலும் அவசர உதவிக்கு 112.

* விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் பனியால் தேய்க்கக் கூடாது. நெருப்பிலும் காட்டக் கூடாது. கதகதப்பான தண்ணீரில் மெதுவாக வையுங்கள்.

* 'ஒரு சொட்டு பிராந்தி கொடுத்தால் சூடு வரும்' என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். சூடு வருவது போலத் தோன்றும். உண்மையில் உடம்புச் சூடு வெளியே போகும். குழந்தைக்கு அது விஷம்.

* புதுப் பனி சூரியனின் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குக் களிம்பு கட்டாயம். பால் கொடுக்கும் தாய்மார்கள் தாகம் இல்லாவிட்டாலும் வெந்நீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

* மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து போகும் ரோத்தாங் கணவாயோ கிட்டத்தட்ட 4,000 மீட்டர்! தலைவலி, வாந்தி, குழந்தைக்கு ஓயாத அழுகை என்றால் தைலம் தடவிக்கொண்டு உட்காராதீர்கள். கீழே இறங்குவதுதான் மருந்து. கிளம்புமுன் குழந்தை டாக்டரைக் கேட்காமல் போகவே வேண்டாம்.

காருக்குள்ளும், அறைக்குள்ளும்

குளிரை விடவும் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலையூருக்குப் பனி பார்க்க ஆயிரக்கணக்கான கார்கள் போயின. கடும் பனி விழும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஒரே இரவில் ரோடு அடைபட்டு, கார்களுக்குள்ளேயே 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 10 பேர் குழந்தைகள். குளிர் ஒரு காரணம். இன்னொரு காரணம், கண்ணுக்குத் தெரியாத, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு.

சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். பின்னால் புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் புகை உள்ளேதான் வரும். தப்பித்தவறி மாட்டிக்கொண்டால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்ற வேண்டும். எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடக் கூடாது. மணிக்குப் பத்து நிமிஷம் போதும். காற்று வராத பக்கத்துக் கண்ணாடி ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும்.

அறைக்கும் இதே பேச்சுதான். வடக்கே 'அங்கீட்டி' என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். இதமாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு அதோடு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. சிம்லாவில் எங்கள் வீட்டில், படுக்கப் போகுமுன் அங்கீட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்போம்.

பெட்டி கட்டும் முன்னால்

டிக்கெட் போடும்போதே மலை ஊருக்குப் போகும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சும்மா விட்டு வையுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே சமவெளிக்கு இறங்கிவிடுங்கள். ஹோட்டலில் 'பனியால் ரோடு அடைபட்டால் தேதி மாற்றித் தருவீர்களா?' என்று முன்பணம் கட்டுமுன்பே கேளுங்கள். மலை ரோட்டில் காலை பத்து மணிக்குமேல் கிளம்பி, நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ரோட்டில் கண்ணாடிப் பனி இருக்கும். காரில் கம்பளி, ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பிஸ்கட், பால் பவுடர், டார்ச் லைட் இவை இல்லாமல் ஏற வேண்டாம்.

நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் வீட்டிலிருந்து யாராவது அந்தப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டோ, வேலையாகவோ போயிருக்கலாம். வடக்கத்திய வானிலையை வாசிக்கும் அந்த இரண்டு நிமிஷம் சேனலை மாற்றாதீர்கள். அப்புறம் ஒரு போன் போட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு, "இன்னிக்கு அங்கே என்ன நிறமுங்க?" என்றும் கேட்டு வையுங்கள். மலையில் இருக்கிறவர் மேகத்தை மட்டும்தான் பார்க்க முடியும். நாலு நாள் தள்ளி வரப்போகிற பனியை வீட்டில் இருக்கிற நாம் பார்த்துச் சொல்லலாமே!